ஆறு சிலிண்டரும் என் இடது காலும்

"சார், ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. இந்த வண்டி பழைய மாதிரி வேணுமா, ஓட்டுத மாதிரி வேணுமா?"

தாராவியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் பாய் இப்படிக் கேட்டபோது, என் காரின் இன்ஜின் அவர் கடை நடுவில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் ஜெர்மன் இன்ஜின். கார் இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீள மூக்கு. இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து தேவ்நாரில் குடியேறிய ஒரு டாக்டர் கொண்டுவந்தது. அவரிடமிருந்து நான் வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாய்க்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வயது ஏறக்குறைய என் வயதுதான். அந்தக் காரில் என்னைத் தவிரக் கைவைத்த ஒரே மனிதர் அவர்.

"ரெண்டும் ஒண்ணுதானே பாய்?" என்றேன்.

"இல்ல சார். சூட்டுல இன்ஜினோட ஹெட் வளைஞ்சிருக்கு. அதைச் சரி பண்ணி, புது கிளட்ச் போட்டு, கம்பெனியில இருந்து வந்த மாதிரியே குடுத்திரலாம். அது ஒரு வழி. இன்னொண்ணு, குர்லாவுல ஒருத்தன் இதே மாடல் ஒண்ணை உடைக்கான். அதுல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருக்கு. இன்ஜின் உங்களதுதான், நம்பர் மாறாது. கியர்பாக்ஸை மட்டும் மாத்தி, ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் இந்தக் காலத்துக்கு ஏத்தாப்புல போட்டிரலாம். இடது காலுக்கு ஒரு வேலையும் கிடையாது. சனிக்கிழமை வரைக்கும் எனக்காக எடுத்து வைக்கேன்னு சொல்லுதான்."

இடது கால் என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தொங்கிய இன்ஜினைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஆட்டோமேட்டிக்கா? எனக்கா?" என்று கத்தினேன். பக்கத்துக் கடையில் டிங்கரிங் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கத்தினதற்குக் காரணம் இருந்தது. ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றி நான் இதுவரை பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு புத்தகமே போடலாம். நாலு வருஷம் முன்பு என் மனைவி சின்னதாக ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினாள். "இது கார் இல்லை, நாலு சக்கர ஸ்கூட்டி" என்று சொஸைட்டி வாட்ச்மேனிடம் கூடச் சொல்லிச் சிரித்தேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. அதில் புனாக்காரர் ஒருவர் தன் காருக்கு ஆட்டோமேட்டிக் பொருத்திவிட்டு ஆசையாகப் படம் போட்டிருந்தார். "இதற்குப் பதில் ஒரு வீல்சேர் வாங்கியிருக்கலாமே" என்று எழுதினேன். நிறையப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அந்த மனிதர் மறுநாள் குழுவை விட்டே போய்விட்டார். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்கு முதுகில் டிஸ்க் நழுவியது. ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. வலி போயிற்று, இடது காலுக்குப் பலம் மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. நடப்பேன். மாடிப்படியில் லேசாக இழுக்கும். முடியாமல் போனது கிளட்சை மிதிப்பதுதான். அந்தக் காலத்துக் கிளட்ச், நல்ல கனம். பாதி மிதிக்கும்போதே கால் நடுங்கிக் கழன்றுவிடும். தொடையில் கையை வைத்து அழுத்தித் தள்ளினால் ஒரு மாதிரி முழுக்கப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டில் நாலைந்து தடவைதான் கியர் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு வருஷம் அப்படியே சமாளித்தேன். வீட்டில் கேட்டால் "தேவலை" என்பேன். அணுசக்தி நகரில் எஞ்சினியராக இருந்தவன், எதையும் அளந்து சொல்கிறவன் என்று என் மனைவிக்கு என்மேல் ஒரு நம்பிக்கை. அதனால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

இன்ஜின் போனது போன ஆயுத பூஜை அன்று.

செம்பூரில் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அவள் ராஜ்ஜியம். மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், என் லேப்டாப், ஸ்க்ரூடிரைவர் என்று எதுவும் சந்தனம் குங்குமம் இல்லாமல் தப்பாது. காலையில் கிண்ணத்தோடு கீழே இறங்கி இரண்டு கார்களுக்கும் பொட்டு வைத்தாள். வெளியே வைத்தது போதாதென்று, கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டி, என் காரின் டேஷ்போர்டில் வரிசையாக இருக்கும் நாலு வட்ட மீட்டர்களுக்கும் நட்டநடுவில் ஆளுக்கொன்று. முன்னால் கிரில்லை அடைத்துக்கொண்டு, கை கனத்துக்கு ஒரு சாமந்தி மாலை. ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழியே அதுதான். எனக்குத் தெரியாமலில்லை. பூஜை நேரத்தில் ரேடியேட்டர் பாடம் எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மாட்டுங்கா கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுக்கொண்டு வர நான் மட்டும் கிளம்பினேன். அவளுக்குச் சுண்டல் வேலை இருந்தது.

கோயில் வாசலில் சாஸ்திரிகள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "மெதுவா ஏத்துங்கோ மாமா" என்றார். கால் கழன்றது. கார் ஒரு துள்ளுத் துள்ளிப் பழங்களை நசுக்கிவிட்டு ஆஃப் ஆகி நின்றது. பைக்கோடு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பும்போது மத்தியானம். சயான் வரைக்கும் வண்டிகள் ஊர்ந்தன. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும், கிளம்பும்போதும் தொடையைக் கையால் அழுத்தி அழுத்தி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சயான் தாண்டியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். இரண்டாவது கியரில் போட்டாகிவிட்டது. இனி வீடு போகும்வரை கிளட்சைத் தொடப்போவதில்லை. ஆக்ஸிலேட்டரை மட்டும் கூட்டியும் குறைத்தும் உருட்டிக்கொண்டே போய்விடுவது. ரோடு காலியாக இருந்த இடத்தில் கூட மூன்றாவதுக்கு மாற்றவில்லை. இன்ஜின் கதறியது. சுன்னாபட்டி அருகே தித்திப்பாக ஒரு வாடை வந்தது. கூலன்ட் கொதிக்கிற வாடை. இருபது வருஷம் அந்தக் காரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அது தெரியாதா? சூடு காட்டும் மீட்டரின் மேல் பொட்டு இருந்தது. விரலால் துடைத்தேன். ஊசி சிவப்புக் கோட்டின் கடைசியில் இருந்தது.

அங்கேயே ஓரம் கட்டியிருக்க வேண்டும். நிறுத்தினால் திரும்பக் கிளப்ப வேண்டும், கிளப்ப வேண்டுமானால் கிளட்ச். காலோ மரத்துப் போயிருந்தது. நடுரோட்டில் காரை எடுக்க முடியாமல் நான் உட்கார்ந்திருக்க, நாலு பேர் வந்து தள்ளுகிற காட்சி கண்முன் வந்தது. ஊசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். செம்பூர் நாக்கா சந்திப்பு வருவதற்குள் காரின் மூக்கிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. இன்ஜின் இரண்டு தடவை குலுங்கி, தானாகவே நின்றது.

டோயிங் வண்டி காரை நேராகத் தாராவிக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. நான் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். மனைவி கரண்டியோடு வாசலுக்கு வந்து, "என்னாச்சுன்னா? வண்டி எங்கே?" என்றாள்.

"மீட்டர் மேல பொட்டு வெச்சுட்டே. சூடு ஏறினது தெரியலை. இன்ஜின் போச்சு."

இப்படிச் சொல்ல வேண்டுமென்று நான் யோசித்து வைக்கவில்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. அவள் அப்படியே செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பாயிடமும் அதையே சொன்னேன், அவர் நம்பவில்லை. அவர் கண்ணுக்கு மீட்டர்களின் மேல் நாலு பொட்டு தெரிந்தது, மூன்று முழுசு, நாலாவதில் விரல் இழுத்த தடம். முதல் நாளே அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எந்த கியர்ல வந்திய சார்?" என்று கேட்டார். "மூணு, நாலு, மாறி மாறி" என்றேன். "சரி" என்றார். பிறகுதான் அந்த இரண்டு வழிகளையும் சொன்னார்.

வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை அவள் ஈரத்துணியோடு ஃபிரிட்ஜிலும் மிக்ஸியிலும் தன் காரிலும் வைத்திருந்த பொட்டுகளையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏனென்று நான் கேட்கவில்லை. கல்யாணில் இருக்கும் தன் தங்கையிடம் ஃபோனில், "அவர் ஆசையா வெச்சிருந்தது அது ஒண்ணுதான்டீ, அதையும் நான் கெடுத்துட்டேன்" என்று சொல்லி அழுதாள். ஹாலில் நான் பேப்பரை விரித்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு நாள் இல்லை, மூன்று வாரம் இப்படியே போயிற்று.

மெதுவாகப் பேச்சைக் கொடுத்துப் பார்த்தேன். "குர்லாவுல ஒரு கியர்பாக்ஸ் இருக்காம். பாய் ஆட்டோமேட்டிக் போடலாங்கறார்."

"வேண்டவே வேண்டாம். எப்படி இருந்ததோ அப்படியே பண்ணச் சொல்லுங்கோ. ஒரு ஸ்க்ரூ மாறக்கூடாது. கெடுத்தது போறாதுன்னு உங்களுக்குப் பிடிக்காத மாதிரி வேற ஆக்கணுமா?"

நான் பின்னிய வலையில் நானே மாட்டிக்கொண்டேன். பழையபடியே செய்தால் கார் கவருக்குள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைக்கலாம், ஓட்ட முடியாது. ஆட்டோமேட்டிக் போட்டால் ஓட்டலாம். ஆனால் ஏன் வேண்டும் என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். காலைப் பற்றிச் சொன்னால் அன்று நடந்ததையும் சொல்ல வேண்டிவரும். பேசாமல் கவருக்குள்ளேயே நிற்கட்டும் என்று கூட முடிவு செய்துவிட்டேன். குர்லாக்காரன் கெடு பாய் கெஞ்சியதால் இரண்டு சனிக்கிழமை தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை கடைசி.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் அவள் எங்கேயோ போய்விட்டு முகமெல்லாம் வெயிலோடு திரும்பினாள். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு மீட்டர். என் காரின் அதே சூடு காட்டும் மீட்டர், அதே வருஷத்தது. பழைய கார்களை உடைத்து விற்கும் ஒருவரை விக்ரோலியில் தேடிக் கண்டுபிடித்து, நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்திருக்கிறாள். "பழசு சூட்டுல கெட்டுப் போயிருக்குமே, அதான்" என்றாள். "நாளைக்கு நானும் வரேன். பாய் கையில நானே குடுக்கணும்."

சனிக்கிழமை அவள் காரில்தான் போனோம். அவள் ஓட்டினாள். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை, அந்த விரல் தடத்தை அவள் பார்த்துவிடுவாளே என்று.

பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். என் மனைவியை எப்போதும் அண்ணி முறைக்கு பாபி என்றுதான் கூப்பிடுவார். சாயா வந்தது. அவள் மீட்டரை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்து, "பாய், இது என்னால வந்தது. பழையபடியே பண்ணிக் குடுத்துடுங்கோ" என்றாள். பிறகு எழுந்து போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தாள். நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். டேஷ்போர்டு பளபளவென்று இருந்தது. நாலு கண்ணாடியிலும் ஒரு பொட்டு இல்லை, ஒரு தடம் இல்லை.

"பாபி வாராகன்னு காலையிலயே துடைச்சு வச்சிட்டேன் சார்" என்றார் பாய். சொல்லிவிட்டு ஸ்பேனர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தப்பித்தேன் என்று மூச்சு வந்தது. அடுத்த கணம் அவமானம் பிடுங்கியது. என் பொய்க்கு அந்த மனிதரையும் காவல் வைத்துவிட்டேன். அவள் குனிந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "இதையா மூடினேன்? உள்ள என்ன எழுதியிருக்குன்னு கூடப் பாக்கலை பாருங்கோ" என்றாள்.

"நீ மூடலை" என்றேன்.

திரும்பினாள்.

"மூடியிருந்தது. நான் துடைச்சுப் பாத்தேன். ஊசி சிவப்புல இருந்தது. பாத்துண்டேதான் ஓட்டிண்டு வந்தேன்."

"ஏன்?"

"நிறுத்தினா திரும்ப எடுக்க முடியாது. கிளட்சை மிதிக்கக் காலுக்கு பலம் இல்லை. சயான்லேர்ந்து ரெண்டாவது கியர்லயே வந்தேன்."

"நான் சாயா சொல்லிட்டு வாரேன்" என்று பாய் வெளியே போனார். அவர் கையிலேயே சாயா இருந்தது.

"எத்தனை நாளா முடியலை?"

"ஆபரேஷன்லேர்ந்தே."

அவள் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன சாயாவைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பாய் திரும்பி வந்ததும், "அந்த குர்லா கியர்பாக்ஸ் இன்னும் இருக்கா பாய்?" என்று கேட்டாள்.

"இருக்கு பாபி. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்."

"அதையே போட்டுடுங்கோ. இவருக்குக் கால் முடியாது."

நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். இரண்டு வருஷமாக நான் யாருக்கும் தெரியக்கூடாது என்று தொடையை அழுத்திக் காப்பாற்றியது மூன்று வார்த்தையில் முடிந்துபோயிற்று. நிம்மதியாகத்தான் இருந்தது. அவளும் நிம்மதியாகிவிட்டாள் என்று முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது சயான் சிக்னலில் வண்டி நின்றது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கால் போனா போறது. இன்ஜினும் போனா போறது. மூணு வாரம் நான் அழறதைப் பாத்துண்டு உக்காந்து காபி குடிச்சேளே, அது எப்படி முடிஞ்சது உங்களால?"

பச்சை விழுந்தது, எடுத்தாள்.

பாய் வேலையை முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. கார் பிரமாதமாக வந்தது. ஆறு சிலிண்டரும் பழைய குரலிலேயே பாடின. நெரிசலில் வலது கால் மட்டும் வேலை செய்ய, இடது கால் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் இந்தச் சுகத்தை எதற்காகத் திட்டித் தீர்த்தேன் என்று எனக்கே புரியவில்லை. சந்தோஷத்தை மட்டும் பங்குபோட ஆளில்லை. கோயிலுக்குப் போகலாமா என்றால், "நீங்க போங்கோ, நான் என் வண்டியில வரேன்" என்பாள். சண்டையாகச் சொல்ல மாட்டாள், மரியாதையாகவே சொல்வாள். வெள்ளிக்கிழமைகளில் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார். ஒரே அர்ச்சனைத் தட்டு. வாட்ச்மேன் ஒரு நாள், "சாப், பெட்ரோல் சஸ்தா ஹோ கயா க்யா?" என்று, விலை குறைந்துவிட்டதா எனக் கேட்டே விட்டான்.

நடந்ததைச் சொல்லியாகிவிட்டது, அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும் என்று உள்ளுக்குள் கோபப்பட்டுக்கொண்டு சில வாரம் ஓட்டினேன். நடந்ததைத்தான் சொன்னேன், தப்பு என்று சொல்லவில்லை என்பது உறைக்க அத்தனை நாள் ஆயிற்று. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை நான் அதிகம் பழகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவள் பெல்ட் போட்டுக்கொண்டு தன் காரை ஸ்டார்ட் செய்துவிட்டாள். நான் காலை இழுத்துக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் போனேன். கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன?"

"உன் மேல பழியைப் போட்டது தப்பு. நீ அழும்போதெல்லாம் கேட்டுண்டுதான் இருந்தேன். சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பியோன்னு பயம். அதான் வாயைத் திறக்கலை."

"இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றாள்.

"ஆமாம்."

இன்ஜினை அணைத்தாள். தட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு, காரைப் பூட்டிவிட்டு வந்து, என் காரில் ஏறினாள். ஏறினவள் கையைக் கீழே விட்டு எதையோ தேடினாள்.

"சீட்டு ஏன் இவ்வளவு பின்னாடி இருக்கு? யார் உக்காந்தா?"

"பாய் வேலைக்குத் தள்ளினது. அதுக்கப்புறம் யாருமே உக்காரலை" என்றேன். சொல்லும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் சீட்டை முன்னால் இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.